ஒற்றைக் கால் வாத்தியார்

தார்நாகா பூங்காவில் எங்களுக்கு யோகா சொல்லித்தந்தவருக்கு நல்ல தொப்பை. தெரிந்தது ஒரே ஆசனம். மேலே இல்லாத கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பார்.

ஒருநாள் வகுப்புக்கு முன், "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க சார்?" என்று கேட்டேன்.

"கம்பெனி பஸ்லம்மா. ராமச்சந்திராபுரம் ஃபேக்டரிக்கு இருபத்தெட்டு வருஷம். சீட்டும் கெடைக்காது, ரெண்டாவது கால் வைக்க எடமும் இருக்காது. அப்படியே தூங்கிப் பழகிட்டேன். ரிடையர் ஆனப்புறம் படுத்தா தூக்கம் வரல. இங்க வந்து நின்னேன். முழிச்சுப் பார்த்தா பின்னாடி பத்துப் பேர் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"அப்போ இப்பவும் தூங்கத்தான் வர்றீங்களா?"

"ஹவ், ஆமாம்மா" என்று கண்ணை மூடினார்.

சிறிது நேரத்தில் குறட்டை வந்தது. மூச்சுப் பயிற்சி என்றெண்ணி எல்லோரும் அதேபோல விட்டார்கள். விஷயம் தெரிந்த நானும் விட்டேன்.