எலாடியோவின் இடம்

எங்கள் ஊர் சான் பெத்ரோவில் ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலிலேயே அவன் ஷார்ட்ஸ்டாப்தான். பேஸ்பாலில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்று, சீறிவரும் பந்தை வாரியெடுத்து எறிகிற இடம். என் வீட்டுக்காரர் எலாடியோவும் அந்த ஒரு இடத்துக்குத்தான் ஆசைப்பட்டார். கிடைத்ததோ மற்ற எல்லா இடமும்.

பாழாய்ப்போன திறமை! ‘எலாடியோ ஓடுகிறார்’ என்று ரேடியோக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தளத்தில் மண்ணைத் தட்டிக்கொண்டு நிற்பார். முதல் தளமா, நிற்பார். வெளிமைதானமா, ஓடுவார். ஒருநாள் பந்துகூட வீசினார். சீட்டாட்டத்தில் ஜோக்கரை எந்தச் செட்டிலும் சொருகுவார்களே, அப்படிச் சொருகினார்கள். பெயரும் ஜோக்கர் என்றே ஆகிவிட்டது. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்காவில் மூன்று கோடை ஆடினார், அங்கேயும் இதே கதைதான்.

ஆடும் இடத்துக்கு ஒரு கையுறை என்று, வீட்டுச் சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும். ஷார்ட்ஸ்டாப் கையுறைக்கு மட்டும் ஞாயிறுதோறும் எண்ணெய் போடுவார்.

“யோவ், தேய்ச்சுத் தேய்ச்சு அதுக்குக் கல்யாணமா பண்ணப்போற?”

“அதுக்கும் ஒரு நாள் வரும்டி.”

வந்தது. குளிர்கால லீக் இறுதி ஆட்டம். ஷார்ட்ஸ்டாப்காரனுக்குக் காய்ச்சல். மேனேஜர் ரமிரோ எலாடியோவை அங்கே நிறுத்தினார். ஐந்து இன்னிங்ஸ் ஆடினார். என்ன அழகு, அப்படி ஓர் அழகு! வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆறாவது இன்னிங்ஸில், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சருக்கு விரல் முறிந்தது. மாற்று கேட்சரை முன்பே ஆடவைத்து வெளியே எடுத்தாகிவிட்டது; எடுத்தவன் திரும்ப இறங்கக் கூடாது. ரமிரோ எலாடியோவைப் பார்த்தார், அவ்வளவுதான். இவர் வேலியோரம் வந்து கையுறையை என்னிடம் நீட்டினார்.

“முடியாதுன்னு சொல்லேன்யா! வாயில என்ன கொழுக்கட்டையா?”

“வேற யாரு இருக்கா, டெல்ஃபா?”

அவர் நின்ற இடத்துக்கு வேறொருவன் ஓடினான். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், குந்திக் குந்தி வீங்கிய முழங்காலோடு ஓடி, வெற்றி ஓட்டத்தையும் இவரே எடுத்தார். ஊரெல்லாம் ரம், மேளம், ஆட்டம். நான் வீட்டில் சட்டியை நங்கென்று வைத்தேன். அடுத்த பருவத்தில் முழங்கால் போயிற்று. அத்தோடு சரி.

இப்போது ஞாயிறு மாலைகளில் சர்க்கரை ஆலைக்குப் பின்னால் கிழடுகள் கூடி ஆடுகிறார்கள். பல வருஷம் அந்தப் பக்கமே போகாதவர் போன மாதம் போனார், நானும் கூடப் போனேன். அதே கையுறை. யாரையும் கேட்காமல் ஷார்ட்ஸ்டாப்பில் போய் நின்றார்.

கேப்டன், மளிகைக்கடை ஒனேசிமோ, கத்தினான்.

“ஏய் ஜோக்கர்! கேட்சர் வரல. வந்து முகமூடிய மாட்டு.”

எலாடியோ கையுறையைப் பார்த்தார். மெல்ல அதைக் கழற்றத் தொடங்கினார். எனக்கு வந்ததே கோபம்! வாழைக்காய் வறுவல் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு மைதானத்தில் இறங்கினேன்.

“அவரு அங்கயே நிக்கட்டும். முகமூடிய இங்க கொண்டா.”

“உன்னால குந்த முடியுமா, டெல்ஃபா?”

“காலமெல்லாம் அவரு சட்டையில ஒட்டுன மண்ண குந்தித் துவைச்சவடா நான். பந்தப் போடச் சொல்லு!”

குந்தினேன். முட்டி இரண்டும் முறுக்கு மாதிரி நொறுங்கின. முகமூடிக் கம்பிக்குள்ளிருந்து பார்த்தேன். எலாடியோ கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தன் இடத்து மண்ணைக் காலால் சமன்படுத்திக்கொண்டிருந்தார்.