ஃபிட்டர் ஆசீர்வாதமும் நாடா வைத்த தொப்பியும்

போன வியாழக்கிழமை காலையில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிவந்த வண்டிக்காரர் என் கடை வாசலில் மாட்டை நிறுத்தி, "டெய்லரே, ஃபிட்டர் அய்யா போயிட்டாரு. சாயங்காலம் அடக்கம்" என்றார். வண்டிப்பெரியாறு கடைத்தெருவில் என்னைத் தேடிவந்து சண்டை பிடித்த ஒரே மனிதர் ஆசீர்வாதம். மூன்று மழைக்காலமாக அவர் இருமிக்கொண்டிருந்தது தெரியும். தெரிந்தும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அது எதற்கென்று சொல்லவே இதை எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள், நான் கூட்டிச் சொன்னால் திருத்தலாம்.

தேயிலை ஃபேக்டரியில் இலை சுருட்டும் ரோலர் மெஷின்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஓடுகிற பெல்ட்டுகளுக்கு நடுவே ஆட்கள் வேட்டியும் தொளதொளத்த சட்டையுமாக நடமாடுவது அவருக்கு ஆகாது. ஒருநாள் காக்கித் துணிக்கட்டோடு வந்தார். "வே டெய்லரு, முழங்காலோட நிக்கிற கால்சட்டை, ஒடம்ப ஒட்டுன அரைக்கைச் சட்டை. பை வைக்காதீரும். ஒரு நூலு தொங்கப்பிடாது" என்றார். முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே குனிந்தார், எட்டினார், பக்கவாட்டில் சாய்ந்தார். பட்டன் எதிலாவது மாட்டும் என்று அதை முதுகுப் பக்கம் வைக்கச் சொன்னார். நாலு தரம் தைத்ததைப் பிரிக்க வைத்தார். இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிற அம்மாள் மகா பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்கள் முதலில் மறுத்தார்கள். "செயிலுக்குப் போறவன் உடுப்பு மாதிரில்லா இருக்கு" என்றார் ரோலர்காரர் மாடசாமி. ஒரு மாதம் கெஞ்சியும் திட்டியும் ஆசீர்வாதம் அவர்களை உடுத்த வைத்தார். தலைத்துண்டை மட்டும் அவர்கள் விடவில்லை. தேயிலைத் தூசிக்கு அது வேண்டும்தான். நுனியை இறுக்கிச் செருகிக்கொண்டால் போதும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். என்னையும் கேட்டார். அதில் என்ன தப்பு என்று நானும் சொன்னேன்.

ஒரு காலைப்பொழுது தோட்டத்தை நடத்தும் துரை ஃபேக்டரிக்குள் வந்தார். துரையைக் கண்டால் தலைத்துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிவது எங்கள் மலையில் வழக்கம். மாடசாமியும் அதைத்தான் செய்தார். அக்குளுக்குப் பின்னால் தொங்கிய துண்டின் நுனியை பெல்ட் பிடித்துக்கொண்டது. துண்டை விட்டிருக்கலாம். துரை முன்னால் துண்டு கீழே விழுந்துவிடக் கூடாதென்று இறுக்கிப் பிடித்திருக்கிறார். பெல்ட் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது, மெஷினை நிறுத்துவதற்குள் உயிர் போய்விட்டது. நான் தைத்த உடுப்பு எங்கேயும் மாட்டவில்லை என்று என்னிடம் வந்து சொன்னார்கள். அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில், மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் ஆசீர்வாதத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "பட்டன எங்க வைக்கணும்னு அம்புட்டு யோசிச்சீரே அய்யா, மரியாதய எங்க வைப்பான்னு யோசிக்கலியே?" அவர் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம், "எல்லாம் பாத்தேன் வே, துரை வருவாருங்கிறதப் பாக்கலியே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்புறம்தான் தொப்பி வந்தது. தலையை ஒட்டிய துணித் தொப்பி. தாடைக்குக் கீழே குட்டையான நாடா, இரட்டை முடிச்சு. அவசரத்துக்குக் கழற்ற வரக்கூடாது, அதுதான் அவர் கேட்ட அளவு. "துரை முன்னால தலைய மூடிக்கிட்டு நிக்கவா? கங்காணி தோலை உரிச்சிருவான்" என்று ஆட்கள் பயந்தார்கள். முதல் தொப்பியை அவரே கட்டிக்கொண்டு ரோலர் பக்கத்தில் நின்றார்.

துரை வந்து பார்த்துவிட்டு, "எடு தொப்பி" என்றார்.

"எடுக்க மாட்டேன் துரை. மெஷின் ஓடுது."

துரை கைப்பிரம்பால் தொப்பியைத் தட்டிவிடப் பார்த்தார். அது வரவில்லை. கையால் பிடித்து இழுத்தார். நாடா கழுத்தில் அறுத்த தழும்பை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுருக்குப் போட்டுக்கொள்ளப் பார்த்தார் என்று கடைத்தெருவில் கதை கட்டியவர்களும் இதைப் படிக்கட்டும்.

அன்றே அவரை ரோடு வெட்டும் வேலைக்கு விரட்டினார்கள். கொட்டுகிற மழையில், சாக்குப் படங்கைப் போர்த்திக்கொண்டு கல் சுமந்தார். ஊரில் அத்தனை பேருக்கும் உடுப்பு யோசித்த மனிதருக்கு மழைக்கு ஒரு கம்பளி கொடுக்க ஆளில்லை. நானும் கொடுக்கவில்லை, துரைக்குத் தெரிந்தால் தோட்டத்துத் தையல் வேலை எனக்கு வராதே என்று பயந்தேன். அந்தச் சளிதான் இப்போது அவரைக் கொண்டுபோனது. என் கோபம் துரை மேல் பாதி, என் மேல் பாதி.

அவரை விரட்டியதும் ரோலர்காரர்கள் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. தொப்பி இல்லாமல் மெஷினுக்குக் கிட்டே போகப் பயமாக இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு நாளில் இலை புளித்து நாறியது. தொப்பிக்கு உத்தரவு வந்தது. ஆனால் மெஷின் ஓடும்போது உள்ளே வருவதைத் துரை நிறுத்திக்கொண்டார். தொப்பி போட்ட தலைகளை அவர் பார்க்க நேரவில்லை. மழைக்காலம் முடிந்து ஆசீர்வாதத்தைத் திரும்பக் கூப்பிட்டபோது அவர் பாதி ஆளாகியிருந்தார். "ஒருத்தனும் சாகலேல்ல, அது போதும் வே" என்றார் என்னிடம்.

அடக்கத்துக்குத் துரையும் வந்திருந்தார். உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கியதும் அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வேலையிலிருந்து நேராக வந்த ரோலர்காரர்கள் நாடா கட்டியபடியே நின்றார்கள். உபதேசியார் மெதுவாக, "ஜெப நேரம், தொப்பிய எடுங்கப்பா" என்றார்.

"எடுத்தா அவருக்குப் பிடிக்காதுய்யா" என்றார் ஒருவர். மற்றவர்கள் அசையவில்லை. துரை தரையைப் பார்த்தார்.

நான் அப்போதுதான் கவனித்தேன். துரையைக் கண்டதும் என் துண்டு தலையிலிருந்து அக்குளுக்கு எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை. அதை எடுத்து, துரை பார்க்கவே, திரும்பத் தலையில் கட்டிக்கொண்டேன். ஆசீர்வாதம் எனக்கு விட்டுப்போனது இவ்வளவுதான். இதை இனி யார் வந்தாலும் இறக்க மாட்டேன்.