நரோட்டி வீட்டின் வடக்கு மூலை

பழைய மிளகுக் கிட்டங்கியின் சுவரில் வீட்டுச் சாவியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறாள் இசக்கிசெல்வி. பின்னால் வந்த சரக்கு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஓர் ஆள் ஒதுங்காமல் வண்டி போக முடியாது. அவள் நகரவில்லை. "ஒரு மினிட்டு சேட்டா, உள்ள என்னமோ பொள்ளையா, பொந்து மாதிரி கேக்குது" என்று திரும்பாமலேயே சொல்கிறாள். ஆட்டோக்காரருக்கு அவளைத் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

நாற்பதைத் தாண்டிய கட்டையான உருவம். கழுத்தில் தொங்கும் டார்ச். தோள்பையில் அளவு நாடாவும் தூக்குக்குண்டும், அவற்றோடு ஒட்டிக்கொண்டு போன கடலைமிட்டாயும். பழைய கட்டடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து படம் வரைவது அவள் வேலை. கட்டடக் கலைஞர் மாளவிகாவின் சின்ன அலுவலகத்தில் சேர்ந்து வெகு காலமாகிறது. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூட்டை சுமக்க இங்கே வந்தவர். செல்வி பிறந்ததும் வளர்ந்ததும் மட்டாஞ்சேரியில், பள்ளியில் படித்தது மலையாளம், களமசேரியில் டிப்ளமோ. தமிழ்நாட்டுப் பேருந்தின் பலகையை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பேச்சில் மட்டும் அப்பாவின் ஊர்த் தமிழும் இந்த ஊர் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் தோள் உரசிக்கொண்டு வரும்.

கட்டடச் சொந்தக்காரர்களுக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு சொல் போதும். அறிக்கையெல்லாம் மாளவிகா விரிவாக, ஜாக்கிரதையாக எழுதிக் கொடுப்பாள். அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "செல்வி சேச்சி, நிக்குமா?" என்று கேட்பார்கள். "நிக்கும் கேட்டோ" என்பாள் இவள். மாளவிகாவுக்கு இது பிடிக்காது. எழுதிக் கொடுத்ததற்கு மேல் வாயால் எதையும் வாக்குக் கொடுக்காதே, கட்டடம் நம் பேச்சைக் கேட்டு நிற்பதில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். செல்வி தலையை ஆட்டிக்கொள்வாள். அடுத்த கட்டடத்திலும் அதையே சொல்வாள்.

வீட்டிலும் இந்தத் தட்டிப் பார்க்கும் குணம் விடாது. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பெண் மாப்பிள்ளையைப் பார்த்தால் இவள் உத்தரத்தைப் பார்ப்பாள். பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவள், சமையல்கட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள் என்று கணவன் பாண்டித்துரை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். ஏலூரில் உர லாரி ஓட்டுகிறவன் அவன். "என்னயக் கட்ட வந்தாளா, வீட்ட வெலபேச வந்தாளான்னே தெரியல" என்பான். அந்தச் சுவரை அந்த வருஷமே இடித்துக் கட்ட வேண்டியிருந்தது என்பதை அவன் சொல்ல மாட்டான்; செல்வி சொல்வாள்.

இப்படிப்பட்டவளைத்தான் மாளவிகா இமாசலத்துக்கு அழைத்துப் போனாள். நரோட்டி என்று ஒரு மலைக்கிராமம். ஒரு காலத்தில் உப்பும் கம்பளியும் சுமந்த கழுதைகள் கணவாய் தாண்டி வந்து இறங்கிய இடம். வியாபாரம் செழித்தபோது கட்டிய வீடுகள் சரிவில் அடுக்கடுக்காக நிற்கின்றன. பாரம்பரியக் கிராமம் என்று அறிவித்த பிறகு, எல்லா வீடுகளையும் அளந்து பதிவுசெய்யும் வேலை மாளவிகாவின் அலுவலகத்துக்குக் கிடைத்தது. பாண்டித்துரையின் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போன செல்வி, அடுத்தடுத்து மூன்று கோடைகள் அங்கேதான் இருந்தாள்.

திரும்பி வந்தால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. "அங்க சொவத்துக்குச் சிமிண்டு இல்ல, சுண்ணாம்பு இல்ல, ஒரு ஆணிகூட இல்ல. மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கு. அத்தறயே உள்ளு, அவ்வளவுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிடித்து வைத்துச் சொல்வாள். சுவரின் உள்முகத்துக்கு ஒன்று, வெளிமுகத்துக்கு ஒன்று என இரண்டு தேவதாரு உத்தரங்களைப் படுக்க வைப்பார்கள். இடையில் கல்லை நெருக்கி அடுக்குவார்கள். அதன் மேல் மறுபடி உத்தரங்கள். மூலையில் இரண்டு பக்கச் சுவர் மரங்களும் விரல்கள் கோத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். கீழே மாடு, நடுவே தானியம், மேலே மனிதர்கள். குனிந்து நுழையும் சின்ன வாசல்; பெரிதாகத் திறந்தால் சுவர் பலம் குறையும் என்பதற்காக. கூரை முழுக்கப் பலகைக்கல். அதன் பாரமே வீட்டை அமுக்கிப் பிடிக்கும். பூமி குலுங்கினால் கல் அசையும், மரம் வளையும், பிறகு இரண்டும் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். நூறு வருஷத்துக்கு மேல் ஆன காங்கடா பூகம்பத்தை அந்தப் பக்கத்து வீடுகள் பல தாங்கியிருக்கின்றன.

அப்படி ஒரு வீடு ரத்தன் நேகியுடையது. ஆப்பிள் தோட்டக்காரர். செல்வி கடைசிக் கோடையில் போனபோது, வீட்டை இடிக்க ஆள் பேசி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சரிவில் தூண் நிறுத்திக் கான்கிரீட்டில் நான்கு மாடி எழுப்பிச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இந்த இருட்டு வீட்டைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பது நேகியின் எண்ணம். அவர் மனைவி பிமலாவுக்கு மட்டும் மனம் வரவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள்தான் செல்வியிடம் வந்து, சொந்த அக்காவிடம் கேட்பதுபோலக் கேட்டாள். தீதி, உண்மையைச் சொல்லுங்கள், இதற்குள் என் பிள்ளைகளைத் தூங்கவைக்கலாமா, இது நிற்குமா என்றாள்.

செல்வி அந்த வீட்டை அடிமுதல் முடிவரை பார்த்திருந்தாள், வடக்கு மூலை நீங்கலாக. அந்த மூலையில்தான் ஊர்த் தெய்வத்தின் தானிய அறை. வெளியாள் நுழையக் கூடாது. பூட்டைத் திறக்கவும் தெய்வத்தின் உத்தரவு வேண்டும். வெளிப்பக்கம் மலையை ஒட்டிய மண். சந்துக்குள் கையை நுழைத்துத் தட்டிப் பார்த்ததில் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அறிக்கைக்கான குறிப்பில் 'வடக்கு மூலை பார்க்கப்படவில்லை' என்று ஒழுங்காக எழுதிவிட்டாள். ஆனால் பிமலாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய அரைகுறை இந்தியில் வந்தது ஒரே வார்த்தை: நிற்கும். நேகி இடிக்கும் ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அந்த மாலை பிமலா நெய் ஊற்றி ரொட்டி போட்டதைச் செல்வி இன்னும் சொல்வாள்.

இந்த வருஷம் மழை முடியும் சமயம், சாயாக்கடைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. இமாசலத்தில் விடியற்காலை நிலநடுக்கம். மாவட்டத்தின் பெயரைக் கேட்டதும் செல்வி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். நேகிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. பிமலாவுக்கும் அப்படியே. மலைப்பாதை சரிந்துவிட்டது, செல்போன் கோபுரங்களுக்கு மின்சாரம் இல்லை, பல கிராமங்களிலிருந்து தகவல் வரவில்லை என்று செய்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இடிந்த வீடுகளின் படங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி மூலைகளைப் பார்த்தாள்.

அன்று வேலைக்குப் போனாள். சாவியால் தட்டினாள், காதை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கிட்டங்கிக்காரர் வந்து வழக்கம்போல, நிக்குமா சேச்சி என்றார். செல்வி நாடாவைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அலுவலகத்தில் மாளவிகா பழைய படங்களைக் கணினியில் திறந்து அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நீ பார்த்ததில் தப்பில்லை என்றாள். "பாத்ததுல தப்பில்ல மேடம். பாக்காததப் பத்தி நான் சொன்னேனே" என்றாள் செல்வி. மாளவிகா தன் பழைய புத்திமதியை அப்போது எடுக்கவில்லை. எழுந்து போய் இமாசலத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தாள். நரோட்டியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

மறுநாளும் அப்படியே போயிற்று. சோற்றைப் பிசைந்தாள், கையைக் கழுவினாள். பாண்டித்துரை லாரிக்குப் போகாமல் வீட்டிலேயே சுற்றிச் சுற்றி வந்தான். ஆறுதல் பேசத் தெரியாதவன், அவளுடைய போனை மட்டும் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொண்டான். "அந்த வீட்ட இடிச்சிருந்தா அவங்க கான்கிரீட்டுக்குள்ளதான இருந்திருப்பாங்க. அது மட்டும் விழாதுன்னு யாரு சொன்னா?" என்று ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் கான்கிரீட் வீட்டுக்கு அவள் வாக்குக் கொடுக்கவில்லையே.

அதற்கடுத்த காலை, எர்ணாகுளத்தில் ஒரு கட்டடக்காரரைப் பார்க்கப் படகில் போய்க்கொண்டிருந்தாள். மாளவிகாதான் வற்புறுத்தி அனுப்பியிருந்தாள், வீட்டில் இருந்தால் இன்னும் மோசம் என்று. நடுக்காயலில் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் கேட்டது நேகியின் குரல். ராணுவக்காரர் ஒருவரின் போனிலிருந்து பேசினார். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன் என்றார்.

பிமலா நன்றாக இருக்கிறாள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். வீடு படகுபோல ஆடியது, உத்தரங்கள் முனகின, கூரையிலிருந்து கொஞ்சம் பலகைக்கல் சரிந்தது. பிறகு வீடு அடங்கி உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் கான்கிரீட் தூண்கள் வெடித்துவிட்டன. நல்லவேளையாக எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அவர்களும், இன்னும் பாதி ஊரும், இப்போது நேகி வீட்டு மேல்மாடியில்தான் படுக்கிறார்கள்.

வடக்கு மூலை என்று கேட்டாள் செல்வி.

எதிர்முனையில் நேகி தயங்கினார். அங்கே வெளிக்கல் விழுந்துவிட்டது தீதி, உள்ளே பார்த்தோம் என்றார். அடி உத்தரத்தின் முனை மொத்தமாக உளுத்துப் போயிருந்ததாம். கையில் எடுத்தால் தூளாக வருகிறதாம். மேலே இருந்த உத்தரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்த மூலையைத் தாங்கி நிற்கின்றன. பிறகு அவர் சொன்னதைச் செல்வி ஒரு சொல் விடாமல் நினைவு வைத்திருக்கிறாள்: "கட்டினவர்கள் ஒரு மரத்தை மட்டும் நம்பிக் கட்டவில்லை, தீதி."

செல்வி உடனே சொல்ல ஆரம்பித்தாள். அந்த மூலைக்கு மேலே யாரும் படுக்கக் கூடாது. தானியத்தை இன்றைக்கே மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கனமான மரத்தை முட்டுக்கொடுக்க வேண்டும். மழை நின்றதும் நானே வந்து அந்த உத்தரத்தை மாற்றும்போது கூட நிற்பேன். இந்தியும் மலையாளமும் தமிழுமாகக் கத்தினாள். படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேகி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். தானியத்தை மாற்றத் தெய்வம் உத்தரவு கொடுத்தாயிற்று என்றும் சொன்னார். இணைப்பு அறுந்தது.

மாளவிகாவுக்குச் சொன்னாள். மறுமுனையில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. பிறகு பாண்டித்துரைக்கு. "எல்லாரும் இருக்காங்க" என்றாள். அவன், "ஏதாவது தின்னியா?" என்றான்.

படகுத்துறைக்கு வெளியே இருந்த சாயாக்கடையில் புட்டும் கடலையும் வாங்கி உட்கார்ந்தாள். பசி அப்போதுதான் தெரிந்தது. ஒரு தட்டு முடிந்து இரண்டாவது தட்டு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் இடம் கொடுத்து நகர்ந்துகொண்டார். தின்றுகொண்டே இடது கை விரலைச் சிந்தியிருந்த சாயாவில் தொட்டு மேசைமேல் கோடு இழுத்தாள். நெடுக்கே இரண்டு, அதன் மேல் குறுக்கே இரண்டு, மறுபடி நெடுக்கே இரண்டு. ஒரு வீட்டின் மூலை. பிறகு கட்டைவிரலால் அடியில் இருந்த ஒரு கோட்டின் முனையை மட்டும் துடைத்துவிட்டு, மற்றக் கோடுகள் காயாதபடி ஒவ்வொன்றாக மறுபடி ஈரப்படுத்தினாள்.