ஆசிரியரின் மனநிலை

முதுகுதான் என்னைத் திரும்பவும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் விட்டது. முதியோர் இல்லத்தில் கனத்த மனிதர் ஒருவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது இடுப்புக்கு மேலே ஏதோ பிடித்துக்கொண்டது. மூன்று கிழமை படுத்தே கிடந்தேன். அதற்குப் பிறகு பாதி நேரம் மட்டும் வேலை செய்யலாம் என்று வைத்தியர் எழுதித் தந்தார். கணவர் விடியக் காலையிலேயே தொழிற்சாலைக்குப் போய்விடுவார். மகள் சூரிச்சில் அறையெடுத்து ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கிழமையில் மூன்று நாட்கள், சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், காலை முழுவதும் நான் மட்டும்தான்.

அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்துத் தந்தவள் மகள். சீனாவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடும் நிறுவனம் ஒன்று, வெளிநாடுகளில் இருந்துகொண்டு ஆங்கிலப் பத்திகள் எழுதக்கூடிய ஆட்களைத் தேடியது. பத்தியை எழுதி, அதன் கீழே நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்.

“உங்கட வேலைதானே அம்மா இது” என்றாள்.

அது என் வேலைதான். மட்டக்களப்பில் அரசாங்கப் பாடசாலை ஒன்றில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். புத்தகங்கள் வந்துசேராத வருடங்களில் கிரகித்தல் பயிற்சிக்கான பத்திகளை நானே எழுதிக் கரும்பலகையில் போடுவேன். மீன் வாடி, பாலம், தபால்காரர், மழைக்கு ஒதுங்கிய மாடு என்று கண்ணில் பட்டதெல்லாம் பத்தியாகும். நாற்பது பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை கைகளில் சுண்ணக்கட்டித் தூளோடு நிற்பேன். அப்படி நின்ற கடைசி நாளுக்கும் இந்த விளம்பரத்துக்கும் இடையே இருபத்து மூன்று வருடங்கள் போயிருந்தன.

பரீட்சார்த்தமாக ஒரு பத்தி கேட்டார்கள். கோடைகாலத்தில் பனிமலைகளின் மேல் வெள்ளைத் துணி விரித்துப் பனி உருகாமல் காப்பதைப் பற்றி எழுதினேன். இரண்டு நாளில் எடுத்துக்கொண்டார்கள். கூடவே விதிகள் அடங்கிய ஒரு தாள் வந்தது. முந்நூறு சொற்களுக்கு மேல் போகக் கூடாது. அவர்கள் தந்த சொல்லட்டவணைக்கு வெளியே சொல் எடுக்கக் கூடாது. போர், அரசியல், மதம், மரணம் நான்கும் வரக் கூடாது. தாளை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நான்கையும் கழித்தால் என் வாழ்க்கையில் முந்நூறு சொல் தேறுமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “சமையலைப் பற்றி எழுதன்” என்றார்.

ஆனாலும் அந்த மாதங்கள் நன்றாக இருந்தன. அதை நான் மறைக்கப் போவதில்லை. ரயில் நிலையக் கடிகாரங்கள், பசுக்களை மலைக்கு ஏற்றும் நாள், பாசல் நகரத்து ஆற்றில் நீந்தி வேலையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் என்று எழுதினேன். சரியான விடையை யாரும் எழுதிவிடலாம், பிழையான விடைகளில்தான் வேலை இருக்கிறது. ஒன்று பத்தியிலுள்ள சொல்லையே திருப்பிச் சொல்லிப் பிள்ளையை ஏமாற்ற வேண்டும். ஒன்று உலகத்தில் உண்மையாக இருந்து பத்தியில் இல்லாததாக இருக்க வேண்டும். மற்றது பாதி சரியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கை மறக்காமல் வைத்திருந்தது. முதியோர் இல்லத்தில் ஒருவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நல்ல பிழையான விடை ஒன்று தோன்றும். சட்டைப்பையில் இருந்த கையுறை உறையில் எழுதிவைப்பேன்.

என் பத்திகளைப் பார்க்கும் பொறுப்பில் சீனாவில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய தலைமயிர், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போல நிதானமான ஆங்கிலம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை காலை பத்து மணிக்குக் கணினியில் முகம் பார்த்துக் கதைப்போம். அங்கே அவளுக்கு மாலை. நிலக்கரி தோண்டும் சிறிய ஊர் ஒன்றில் பிறந்தவள். பள்ளிக் காலத்தில் நாளுக்கு ஆறு பத்திகள் செய்ததாகச் சொன்னாள். “வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரருக்கு மரம் நட்டுக் கொடுப்பவர்கள் என்று பதினெட்டு வயதுவரை நம்பியிருந்தேன்” என்றாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

ஒருநாள் அவள் கேட்டாள்: “சொந்த அனுபவம், ‘நான்’ என்று தன்மையில் எழுதியது, வளர்ச்சியைப் பற்றியது. அப்படி ஒன்று தருவீர்களா? உண்மையாக இருந்தால் நல்லது.”

உண்மையாக என்று அவள் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது என் சான்றிதழ்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழ், நியமனக் கடிதம், இடமாற்றக் கடிதம், அதிபர் தந்த கடிதம் என்று நான்கு தாள்கள். மகள் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் என் வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். எனக்கு ஜெர்மன் அப்போது கொஞ்சம்தான். ஆங்கிலத்தில் தொடங்கினேன். அது எனக்குத் தெரிகிறது என்று அவர் காதால் கேட்கட்டும் என்பதற்காகவும்தான். அவர் கையை லேசாக உயர்த்தி, இங்கே ஜெர்மனில் கதைக்க வேண்டும் என்றார். முதல் இரண்டு தாள்களைப் பார்த்தார். மற்ற இரண்டையும் பிரிக்காமலே உறைக்குள் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ஒரு கேள்வி கேட்டார்.

உங்களால் பாரம் தூக்க முடியுமா?

எனக்கு அந்த வசனம் முழுதாக விளங்கிவிட்டது. ஒரு சொல்கூட விடுபடாமல் விளங்கிய சந்தோஷத்தில், கேட்டது என்னவென்று யோசிக்காமலே, ஓம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது.

இதைத்தான் எழுதினேன். குசினி மேசையில் ஒரே இருப்பில், இருநூற்றுத் தொண்ணூறு சொல்லில். ‘ஓம் என்றேன்’ என்பதோடு பத்தி முடிந்தது. நான்காவது கேள்வி, பத்தியின் ஆசிரியருடைய மனநிலை என்ன என்பது. பெருமை, கசப்பு, நன்றி, அக்கறையின்மை. சரியான விடை பி.

நான்கு நாளில் பத்தி திரும்பி வந்தது. அலுவலகத்து மனிதர் புன்னகை பூத்த ஒரு பெண்மணியாக மாறியிருந்தார். அவர் எனக்குத் தேநீர் தந்தார். காகிதம் பழையதாகலாம், ஆசிரியரின் இதயம் பழையதாகாது என்றார். கடைசிப் பந்தியில் நான் முதியவர்களிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டு, ஒரு கரும்பலகையை இழந்தாலும் ஒரு குடும்பத்தைப் பெற்றேன் என்று முடித்திருந்தேன். பாரம் பற்றிய கேள்வியும் பிரிக்காத இரண்டு தாள்களும் மட்டும் நடுவில் அப்படியே கிடந்தன. சரியான விடை இப்போது சி, நன்றி.

காலை பத்து மணிக்கு அவளைக் கூப்பிட்டேன்.

“உங்கள் பத்தி நன்றாக இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன்” என்றாள்.

“பிறகு ஏன் மாற்றினீர்கள்?”

“பி என்று விடை வைத்தால் பிள்ளைகள் அதைத் தெரிவுசெய்ய மாட்டார்கள். அவர்களை நாங்கள் அப்படிப் பழக்கியிருக்கிறோம். கடைசிப் பந்தியில் எழுதியவர் ஏதாவது நல்லதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தாய் தகப்பன்மார் முறைப்பாடு செய்வார்கள். விடை தெளிவாக இல்லை என்பார்கள்.”

“எனக்குத் தெளிவாக இருக்கிறது. நடந்தது எனக்கு.”

“தெரியும் டீச்சர். உங்கள் பெயர் எங்கும் வராது” என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள்.

பிறகு இன்னொன்றும் கேட்டாள். பாரம் தூக்கும் கேள்வி பத்தியில் இருக்கும்வரை பி-யும் சரியாக இருக்கலாம் என்று ஒரு பிள்ளை வாதாட முடியும். அதனால் பி முழுக்கப் பிழையாகும்படி நானே ஒருமுறை திருத்தித் தர வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று அவளுக்குத் தெரியும்.

நான் மறுத்திருக்கலாம். பத்தியைத் தர முடியாது என்று சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த பத்திகளுக்கான தலைப்புப் பட்டியல் வந்திருந்தது. டீச்சர் என்று கூப்பிட ஓர் ஆள் இருந்தாள். பின்னேரம் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை வெட்டினேன். பிரிக்காமல் உறைக்குள் வைத்த இரண்டு தாள்களையும் வெட்டினேன். திருத்தி முடித்து வாசித்துப் பார்த்தேன். கசப்புக்கு இடம் கொடுக்கும் ஒரு சொல் எங்கும் இல்லை. சுத்தமான வேலை.

மூன்று மாதம் கழித்துப் புத்தகம் தபாலில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். படிப்பு முடியும் தறுவாய். இங்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் பயிற்சிக்காக ஒரு பாடசாலைக்கும் போகத் தொடங்கியிருந்தாள். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

“இத ஒருக்காச் செய்து பார் மனே.”

பேனையைக் காதில் செருகிக்கொண்டு வாசித்தாள். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

“ஏ, டி, ஏ, சி. லேசு அம்மா.”

“நாலாவது எப்படி சி?”

“தெளிவாத்தானே கிடக்கு. நன்றியோட இருக்கிறா. பி போடுறதுக்கு இதில ஒரு வசனமும் இல்லையே.” புத்தகத்தைப் புரட்டி விடைப் பக்கத்தைப் பார்த்தாள். “பாருங்கோ, சி-தான்.”

“அது நான்” என்றேன்.

“நீங்க எழுதினதோ?”

“எழுதினதும் நான். அதில வாற பொம்பிளையும் நான்.”

அவள் திரும்ப வாசித்தாள். இந்த முறை மெதுவாக. “அந்த ஒஃபிஸ் பொம்பிளை நல்லவ என்ன” என்றாள்.

“அப்படி ஒருத்தியும் இருக்கல்ல. ஓர் ஆம்பிளை இருந்தார். பாரம் தூக்குவியளோ எண்டு கேட்டார். நீயும் அங்கதான் இருந்தாய், வண்டிலுக்குள்ள நித்திரை.”

நடந்ததைச் சொன்னேன். முடிந்த பிறகு அவள் பேனையைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

“அஞ்சாம் வகுப்பில டீச்சர் அம்மாவப் பற்றி எழுதச் சொன்னவ. உங்களுக்கு இந்த வேலை விருப்பமோ எண்டு நான் கேட்டனான். நீங்க ஓம் எண்டு சொன்னீங்க. இந்த நாடு எங்களுக்கு எல்லாம் தந்தது எண்டு சொன்னீங்க. நான் அப்படியே எழுதினனான். டீச்சர் வகுப்பில வாசிச்சவ.”

அது உண்மை. அவள் என் கசப்பையும் பாடசாலைக்குச் சுமந்துகொண்டு போகக் கூடாது என்று நினைத்து அப்படிச் சொன்னேன். அவளுக்கு மட்டுமல்ல, கோயிலில் கேட்டவர்களுக்கும், ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்ட தங்கச்சிக்கும் அப்படியே சொன்னேன். சீனாக்காரப் பெண் என் வாழ்க்கையை நான்கு நாளில் திருத்தினாள் என்று நான் கோபப்பட்டேன். நான் அதை இருபது வருடமாகத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இப்ப நான் என்ன செய்ய வேணும் அம்மா?” என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். சோறு ஆறுது, சாப்பிடு என்றேன். சாப்பிட்டு முடித்ததும் தன் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். யார் சுட்டி, யார் கடைசி வாங்கில் இருந்து தூங்குகிறவன், முதல் நாள் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் பிள்ளைமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுடைய சான்றிதழை எந்த அலுவலகத்திலும் ஒருவரும் உறைக்குள் திருப்பி வைக்கப் போவதில்லை. அதற்காகத்தானே இவ்வளவு பாரமும் தூக்கினேன் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பொறாமை போகவில்லை.

அடுத்த வருடம் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் பத்திகளைக் கணினியே எழுதும். அதற்குப் பழக்கக் கொடுத்தவற்றில் என்னுடையவையும் இருந்தன. விரும்பினால் கணினி எழுதுவதைச் சரிபார்க்கும் வேலையைச் செய்யலாம் என்றார்கள். சில கிழமை செய்தேன். எல்லாம் பிழையற்ற ஆங்கிலம், எல்லாவற்றிலும் கடைசிப் பந்தியில் யாரோ எதையோ கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் வந்த பத்தியில், தீவிலிருந்து பனிநாட்டுக்கு வந்த பெண்ணொருத்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு ஒரு கிழவருக்கு ஆங்கிலக் கதை வாசித்துக் காட்டினாள். கேள்விகளைப் பார்த்தேன், விடைகளைப் பார்த்தேன். பிழை இல்லை. சரி என்று குறித்து அனுப்பிவிட்டு, மறுநாள் அந்த வேலையை விடுவதாக எழுதினேன். என் பத்திகளைப் பார்த்த பெண் அதற்கு முன்பே விற்பனைப் பகுதிக்கு மாற்றப்பட்டிருந்தாள். போகும்போது எழுதிய கடிதத்தில், மாற்றுவதற்கு முந்திய பத்தியைத் தான் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு நான் பதில் எழுதவில்லை.

முதுகு ஓரளவு சரியாகி, வேலை நேரத்தைக் கூட்டிக்கொண்டேன். மகள் இப்போது சூரிச்சுக்கு அருகே அட்லிஸ்வில் பக்கத்தில் ஒரு பாடசாலையில் நிரந்தர ஆசிரியை. போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: “அம்மா, என்ர வகுப்புக்கு ஒரு பத்தி எழுதித் தருவீங்களோ? உங்கட ஊரைப் பற்றி, என்னவும். நீங்க நினைக்கிற மாதிரி.”

நான் எழுதினால் கடைசிப் பந்தியில் யாராவது எதையாவது கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று தோன்றியது. நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது.