தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகை

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், அச்சில் மண்கூழ் ஊற்றும் வேலை பார்த்தேன். ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் செய்வோம். எந்த மண் எவ்வளவு என்று எடைபோட்டுத் தருகிறவர் ஒருவர் அங்கே இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் மேசைமேல் எப்போதும் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் கிடக்கும்.

ஒருமுறை சூளை பிரித்தபோது ஒரு ஜாடியில்கூட விரிசல் இல்லை. "எல்லாம் பழமலைநாதன் புண்ணியங்க" என்று கும்பிட்டேன்.

"உங்க சாமியா வந்து வெறகு தள்ளுச்சி? உள்ள எத்தினி டிகிரி சூடுன்னு சொல்லு பாப்போம்" என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

யாரையும் விடமாட்டார். ஒருவர் மழை வரும் என்றால்கூட, ஏன் வரும் என்று கேட்டு மடக்குவார். டீ வந்தால் நாங்கள் மணல்மேட்டில் வட்டமாக உட்காருவோம். அவர் மேசையிலேயே குடிப்பார். எங்களுக்கு அவர் 'புரொபசர்'.

அவர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் அழைப்பு. அவரோ எங்கள் எல்லாருக்கும் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்.

"பத்தடி தூரத்துல குந்திகினு ஸ்டாம்பு ஒட்டி அனுப்புறாரு பாரேன்!" என்றார் சூளை வேலைக்காரர்.

"தபால்ல கூப்புட்டா தபால்லயே போயி சாப்புட்டு வந்துட வேண்டியதுதான்" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் போவதில்லை என்று முடிவாயிற்று.

"பொண்ணு கல்யாணங்க, போயிட்டு வந்துடலாங்க" என்று என் மனைவி சொன்னாள். மரியாதை இல்லாத இடத்துக்குப் போகமாட்டேன் என்றேன்.

கல்யாணத்தன்று காலையில், வேலைக்குப் போகும் முன் வழக்கம்போல் கோயிலுக்குப் புறப்பட்டேன். வழியில் இருந்த சத்திரத்தில்தான் கல்யாணம். உள்ளே இலை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரிசை மட்டும் நிரம்பியிருந்தது. எதிர் வரிசை காலி. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு அவர் தனியாக நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பன்னீர்ச் செம்பைக் கையில் எடுத்தார். நான் அர்ச்சனைத் தட்டைப் பார்த்தபடி நடந்துவிட்டேன்.

சன்னிதியில் நின்று என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவில்லை.

மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வந்தார். "கல்யாணம் நல்லபடியா நடந்துதுங்களா?" என்று சூளை வேலைக்காரர் சும்மா கேட்டார்.

"சத்திரத்துல எடம் பத்தல. அவ்ளோ கூட்டம்" என்றார், புத்தகத்தைப் புரட்டியபடி. பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து அச்சைத் துடைத்தேன்.

சில வாரம் கழித்து அவர் மனைவி என் மனைவியைக் கோயிலில் பார்த்து அழுதிருக்கிறார். "தாம்பாளத்த பையில வெச்சிகினு மூணு சாயங்காலம் உங்க தெரு வரைக்கும் வந்தாரும்மா. வாசல்ல நின்னா உள்ள கூப்புடுவாங்களோ மாட்டாங்களோன்னு திரும்பி வந்துட்டாரு. பத்தாவது கூட தேறலம்மா அவரு. யாராவது கேட்டுடுவாங்களோன்னுதான் முந்திகினு இவரு கேள்வி கேக்குறது."

அன்று ராத்திரி என் மனைவி இதை என்னிடம் சொன்னாள். மறுநாளே அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், வாசலில் அவரைப் பார்த்துவிட்டு நடந்தவன் நான் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஒரே கூரைக்கடியில் வேலை பார்த்தோம். அவர் எதைச் சொல்லி மடக்கினாலும் "ஆமாங்க, நீங்க சொல்றதுதான் சரி" என்பேன். அதைக் கேட்டு ஒருநாளும் அவர் முகம் மலரவில்லை. அவருக்கு வேண்டியது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தேன்.