இஞ்ஞாசி மேஸ்திரி முடித்துவிட்ட வாய்க்கால்

நெடுங்காட்டு இஞ்ஞாசி மேஸ்திரியைப் பற்றி அவர் வாழ்நாளில் எழுந்த ஒரே புகார், அவர் வேலையை முடித்துவிடுவார் என்பது.

மற்ற ஊர்களில் இது புகாராகாது. நெடுங்காட்டிலும் ரொம்ப நாள் அது புகாராகவில்லை. பத்தொன்பது வயதில், புதுச்சேரியோடு அந்த ஊரையும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோதே, சாலை போட மண் சுமக்கப் போனவர். மூன்று மாத வேலையை ஒன்றரை மாதத்தில் முடித்ததற்காக அந்தக் காலத்து அதிகாரி ஒருவர் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்த சான்றிதழ், வீட்டில் மாதா படத்துக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. திட்டியிருந்தால் இவ்வளவு அழகான கையெழுத்தில் திட்டியிருக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். பிறகு பல வருஷம் காண்டிராக்டர்களிடம். கடைசிப் பத்து வருஷம் சர்க்கார் வாய்க்கால் வேலையில் தினக்கூலி மேஸ்திரி.

1983-இல் அவருக்கு ஐம்பது வயது. முந்தைய வருஷம் காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை. வந்த கொஞ்சமும் நாற்றங்காலை நனைத்துவிட்டு நின்றுவிட்டது. நடவு இல்லை, அறுப்பு இல்லை, ஆகவே கூலி இல்லை. நெல் விளையும் ஊரில் அரிசி வாங்கக் காசில்லாத நிலைமை. சர்க்கார் கோடையில் ஒரு நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. வேலை செய்தால் கொஞ்சம் பணம், மிச்சம் அரிசி. காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. ஊரில் அதை ‘அரிசி வேலை’ என்றார்கள்.

குரும்பகரம் பக்கம் போகிற ஒரு வாய்க்காலைத் தூர்வார நாற்பது பேருக்கு நாற்பது நாள் வேலை. சனிக்கிழமை தோறும் அரிசி. இஞ்ஞாசி மேஸ்திரி.

அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். பெண்களைக் கிழக்கு முனையிலும் ஆண்களை மேற்கு முனையிலும் இறக்கிவிட்டு, நடுவில் ஒரு வேப்பங்கிளையை நட்டு, “யாரு முதல்ல வந்து இதப் புடுங்குறாங்கன்னு பாப்போம்” என்றார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் கரையேறி இறங்குவது அவருக்குப் பிடிக்காது. படுகையிலிருந்து கரை உச்சி வரை ஆட்களை வரிசையாக நிறுத்திக் கூடையைக் கைமாற்றினார். பெண்கள் பக்கம் அஞ்சுகம் தலைமை. அஞ்சுகத்துக்குத் தோற்பது தெரியாது. இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் அவள் வேப்பங்கிளையைப் பிடுங்கித் தோளில் சார்த்திக்கொண்டு மேற்கே நடந்தாள், ஆண்களுக்கு உதவி செய்ய. அந்த அவமானத்திலேயே அவர்கள் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

ஓவர்சியர் மைக்கேல்ராஜ் சைக்கிளில் வந்தார். வாய்க்காலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகம் வாடியது.

“என்னங்க மேஸ்திரி, முடிச்சிட்டீங்களா?”

“முடிச்சாச்சுங்க சார்.”

“யாருங்க முடிக்கச் சொன்னா?”

இந்தக் கேள்வியை இஞ்ஞாசியிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஓவர்சியர் பொறுமையாக விளக்கினார். வேலை முடிந்தால் வருகைப் பதிவேட்டை மூடவேண்டும். மூடினால் அரிசி நிற்கும். மிச்சமிருக்கும் பதினெட்டு நாள் அரிசி கிடங்கிலிருந்து திரும்பிப் போகும். போனது வராது. பஞ்சகாலத்தில் சர்க்காருக்கு வேண்டியது வாய்க்கால் இல்லை, வாய்க்கால் வெட்டுவது. இந்த வித்தியாசம் தெரியாமல் இஞ்ஞாசி முப்பது வருஷம் மண்வேலை பார்த்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமை புதுச்சேரிலேருந்து இன்ஜினியர் அளக்க வர்றாரு,” என்றார் ஓவர்சியர். “நிரந்தரமாக்குற பட்டியலும் அவருகிட்டதான் இருக்கு. உங்க பேரு மூணாவது. ஒரு குறையும் எழுதாம இருந்தாச் சரி.”

நிரந்தரமானால் பென்ஷன் உண்டு. இஞ்ஞாசியின் மனைவி சலோமி அந்தப் பென்ஷனில் கூரையை மாற்றி ஓடு போட்டு, ஒரு கறவை மாடும் வாங்கிக் கட்டிவிட்டாள், மனதுக்குள்.

ஓவர்சியர் போனதும் அஞ்சுகம் வந்தாள். வேப்பங்கிளை இன்னும் கையில் இருந்தது.

“பதினெட்டு நாளு சோத்தையும் சேத்து வாரிக் கொட்டிட்டோமே மேஸ்திரி.”

“நாந்தான் கொட்டுனேன். நீ என்ன பண்ணுவ?”

“நான் செயிச்சேன்ல. அந்த வயித்தெரிச்சல வேற எங்க போய்ச் சொல்றது?” கரையில் குவிந்திருந்த மண்ணைக் காலால் தட்டினாள். ஒரு கட்டி உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தது. “ஐப்பசில ஒரு மழ பெஞ்சாப் போதும், இதெல்லாம் திரும்ப உள்ளதான் வரும். அப்ப கூப்புடுங்க, வர்றோம்.”

அவள் எரிச்சலில் சொல்லிவிட்டுப் போனாள். இஞ்ஞாசி அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் அளவுகோலை எடுத்தார். வாரிய மண்ணைக் கரை விளிம்பிலிருந்து பத்தடி தள்ளிக் கொட்டவேண்டும் என்பது விதி. அவருடைய கைமாற்று வரிசை கரை உச்சியோடு நின்றுவிட்டதால், மண்ணும் அங்கேயே நின்றுவிட்டது. நாலடி. இரண்டு கரையிலும், ஆதியோடந்தம், நாலடி. அவருடைய வேகத்தின் ரகசியம் அந்த ஆறடியில் இருந்தது.

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆழத்தையும் அகலத்தையும் அளப்பார்கள். வெள்ளைக் கால்சட்டை போட்ட இன்ஜினியர்கள் மண்மேட்டில் ஏறிப் பார்த்ததாக வரலாறு கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பென்ஷன். திறந்தால் மண்ணைத் தள்ளிப்போட மறுபடி வேலை, அதனால் அரிசி, அதுவும் பெரும்பாலும் மற்றவர்களுக்கு.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். ஆழம் சரி, அகலம் சரி, அடிமட்டம் பிரமாதம். பேனாவைத் திறந்தார்.

“ஐயா, மண்ணு கிட்டக் கெடக்குதுங்க,” என்றார் இஞ்ஞாசி.

“எந்த மண்ணு?”

“வாரிப்போட்டது. பத்தடி தள்ளிப் போட்டுருக்கணும். நாலடிலயே போட்டுட்டேன். மழைல திரும்ப உள்ள வந்துருங்க.”

ஓவர்சியர் வானத்தைப் பார்த்தார். இன்ஜினியர் கால்சட்டையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு கரையேறி, டேப்பைப் பிடிக்கச் சொல்லி அளந்தார். வரலாறு பொய்த்தது.

“இத நான் எழுதுனா உங்க பேரு பட்டியல்ல நிக்காது. தெரியுமா?”

“தெரியுங்க.”

“யாராவது சொல்லச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலீங்க. என் தப்புதாங்க.”

இன்ஜினியர் நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். அவர்கள் எல்லோரும் அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி. தள்ளிப்போட எத்தன நாள் ஆகும்?”

இஞ்ஞாசியின் சுபாவம் முந்திக்கொண்டது. “பத்து நாள்லயே முடிச்சு...”

“பதினெட்டு நாளுங்க,” என்றாள் அஞ்சுகம் பின்னாலிருந்து. “அவருக்குக் கணக்கு வராதுங்க.”

இன்ஜினியர் சிரித்த மாதிரி தெரியவில்லை. ‘மேஸ்திரியின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி இங்கிலீஷில் எழுதினார். அதற்குக் கீழே, மண்ணை அப்புறப்படுத்தப் பதினெட்டு நாள் என்று இன்னொரு வரி.

அந்தப் பதினெட்டு நாளும் இஞ்ஞாசிக்குச் சோதனை. முதல் நாளே வரிசை கட்ட ஆரம்பித்தவரை அஞ்சுகம் கையைக் காட்டித் தடுத்தாள்.

“நீங்க அப்பால போய் அந்தப் பனமரத்தடில உக்காருங்க மேஸ்திரி. நீங்க நின்னா வேல முடிஞ்சிரும்.”

அவர் உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, விதிப்படி ஆறடி நடந்து கொட்டிவிட்டு வந்தார்கள். பார்க்கச் சகிக்காமல் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். பதினெட்டாம் நாள் சாயங்காலம் கடைசிக் கூடை மண்ணை அவரே வாங்கிக் கொட்டினார். அதுவரை அதை யாரும் தொடக்கூடாது என்று அஞ்சுகம் மத்தியானத்திலிருந்து காவல் இருந்தாள்.

வீட்டில் சலோமி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். “சர்க்காரு அரிசி போட்டுச்சு, சரி. இவரு எதுக்குப் பென்ஷனத் தூக்கிப் போட்டாரு?” கேள்வி மாதாவிடம் கேட்கப்பட்டதால் இஞ்ஞாசி பதில் சொல்லவில்லை. அந்த இங்கிலீஷ் வரியின் நகல் வந்தபோது, அதையும் சட்டம் போட்டுப் பிரெஞ்சுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார். இரண்டும் அவருக்குப் படிக்கத் தெரியாதவை. வருகிறவர்களிடம் புதியதைத்தான் முதலில் காட்டுவார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. மற்ற வாய்க்கால்களில் கரையோரம் கொட்டியிருந்த மண் திரும்ப உள்ளே சரிந்தது; அந்த வாய்க்காலில் மட்டும் சரியவில்லை. அவர் ஒப்புக்கொண்ட தவறு உண்மையான தவறுதான் என்பது அன்று நிரூபணமாயிற்று. அவருக்கு அதில் தனி சந்தோஷம்.

அடுத்த கோடையிலும் அரிசி வேலை வந்தது. யாரை மேஸ்திரியாகப் போடலாம் என்று மைக்கேல்ராஜ் கேட்டபோது நாற்பது பேரும் இஞ்ஞாசி பெயரைத்தான் சொன்னார்கள். அஞ்சுகம் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். அதைச் சொல்ல அவளே மேஸ்திரி வீட்டுக்கு வந்தாள்.

“நாங்க ஏழு மணிக்கே போயிருவோம். நீங்க ஒன்பது மணிக்கு மேல வாங்க. சாப்புட்டு, சலோமி அக்காகிட்ட ரெண்டு வார்த்த திட்டு வாங்கிட்டு, மெதுவா நடந்தே வாங்க. சைக்கிள் வேணாம்.”