அன்று அவள் வரவில்லை

எங்கள் அக்கா மறைந்து ஒரு வருடம் நிறைகிற இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கூடப் பிறந்த ஒரே தம்பி என்பதால் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். என்ன எழுதக் கூடாது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

"நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா. அந்தப் பள்ளிக்கூடத்து விவகாரத்தைத் தொடாத. நினைவு மலர்ல போயி யாராவது அதை எழுதுவாகளா?" என்றார் எங்கள் சித்தப்பா.

சித்தப்பா மன்னிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாருடைய அக்காவைப் பற்றிய கட்டுரையாகவோ ஆகிவிடும். ஏற்கெனவே ஒரு முறை அக்காவை மறைத்துப் பேசி நான் பட்டது போதும்.

அக்கா பிறந்தது சாத்தூரில். அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தார். அம்மா வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டினார். அக்காவுக்கு ஏழு வயது இருக்கும்போது நான் பிறந்தேன். அக்கா பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், காரியம் முடிவதற்குள்ளேயே, "பொட்டப்புள்ள படிச்சது போதும், கம்பெனி வேன்ல ஏத்தி விடு" என்று அம்மாவிடம் சொன்னார்கள். "ஏத்தித்தான் விடப் போறேன். வேன்ல இல்ல, டவுன் பஸ்ல" என்றார் அம்மா. எங்கள் அம்மா பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

அந்த டவுன் பஸ்ஸில்தான் அக்கா பள்ளியை முடித்தார். பிறகு விருதுநகரில் கல்லூரியில் சேர்ந்து வேதியியல் படித்தார். சாயங்காலம் வந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுவார். மடியில் புத்தகம், கையில் பசை. அந்தப் புத்தகங்கள் இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. "அந்தப் பக்கத்துல கேள்வி வராதுன்னு சாமியை வேண்டிக்கிட்டுத்தான் பரீட்சைக்குப் போவேன்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அக்கா அப்படி வாய்விட்டுச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அக்காவைப் பிறகு பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

எம்.எஸ்ஸி. முடித்த பிறகு பி.எட். படிக்க வழியில்லை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. அப்போதுதான் நூலகத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஓர் அறிவிப்பைத் தாளில் எழுதிக்கொண்டு ஓடி வந்தார். எந்தெந்தப் பாடங்களுக்கு வாத்தியார் கிடைக்கவில்லையோ அந்தப் பாடங்களுக்கு ஆசிரியப் பயிற்சி எடுக்க அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. கட்டணம், விடுதி, மாதச் செலவு எல்லாம் அவர்களே. படித்து முடித்ததும் அவர்கள் அனுப்புகிற ஊரில் குறிப்பிட்ட வருடங்கள் வேலை பார்க்க வேண்டும். பற்றாக்குறைப் பாடங்கள் என்று போட்டிருந்த பட்டியலில் வேதியியலும் இருந்தது.

"ஏலே, நம்ம பக்கத்துல கெமிக்கலைத் தொடாத கை ஒண்ணு காட்டு பாப்போம். சொல்லிக்குடுக்க மட்டும் ஆள் இல்லையாம்!" என்றார் அக்கா.

உதவித்தொகைக்கான ஒப்பந்தத்தாளில் அக்கா கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். பணியில் பொய்யான பதிவு எதுவும் செய்தால் வேலையும் போகும், வாங்கிய தொகையையும் திருப்ப வேண்டும் என்று ஒரு வரி. "நான் என்னத்தப் பொய் எழுதப் போறேன்?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சிவகாசிக்குப் பக்கத்தில், நாரணாபுரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். இரண்டு வருடமாக அங்கே வேதியியலுக்கு ஆள் இல்லை. ஆய்வகத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அக்கா அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பதினான்கு பிள்ளைகளோடு வகுப்பைத் தொடங்கினார். அதற்குள் நானும் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடும்பமே சிவகாசிக்கு வந்துவிட்டோம்.

அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி மாரீஸ்வரி. நான் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் அவளைப் பற்றிக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் சோறு தின்றதில்லை. "இன்னிக்கு அந்தப் புள்ள என்ன கேட்டுச்சு தெரியுமா?" என்றுதான் அக்கா தட்டின் முன்னால் உட்காருவார். பூச்சட்டிப் பட்டாசில் பச்சை நிறம் எதனால் வருகிறது என்று கேட்டிருக்கிறாள். பேரியம் உப்பு என்று அக்கா சொன்னதும், "அதான் டீச்சர், எங்கம்மா அதைச் சல்லடையில சலிச்சிட்டு வந்து தொண்டை வலிக்குன்னு சொல்லும்" என்றாளாம். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நீயும் இதே உதவித்தொகை வாங்கி டீச்சராகலாம், எத்தனை வருடம் போனாலும் நம் பாடத்துக்கு ஆள் பற்றாது என்று அக்கா அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

தீபாவளி நெருங்கியதும் பட்டாசு சீசன் சூடு பிடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். மாரீஸ்வரியும் அவள் அம்மாவோடு காலையில் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். அந்த அம்மா பள்ளிக்கு வந்து, "தீவாளி வரைக்கும்தான் டீச்சர். வீட்டுல கெடையாக் கெடக்குற மனுசனுக்கு மருந்து வாங்கணும். அதுக்கப்புறம் ஒரு நா தவறாம அனுப்பிருதேன். பேரை மட்டும் எடுத்துராதீக" என்று கையைப் பிடித்துக்கொண்டது.

வருகை குறைந்தால் அரசுத் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் கல்லூரி ஏது, உதவித்தொகை ஏது? அக்கா வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வந்ததாகக் குறி போட்டார். முதலில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள். கடைசியில், பெயரைக் கூப்பிடாமலேயே குறி போடுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது. இதில் அக்காவுக்கும் கொஞ்சம் சுயநலம் இருந்தது. பிள்ளைகள் குறைந்தால் வேதியியல் பிரிவையே மூடிவிடுவார்கள் என்ற பயம். அக்காவே என்னிடம் ஒத்துக்கொண்டதுதான் இது.

ஒரு நாள் முற்பகல், அச்சகத்தில் நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம். அன்று புகை அக்காவின் பள்ளி இருக்கிற திசையில் எழுந்தது. பள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அப்பால் இருந்த கம்பெனியில் ஒரு ஷெட் தரைமட்டம். மாரீஸ்வரியின் அம்மா வேறு ஷெட்டில் இருந்ததால் தப்பித்தது. மாரீஸ்வரி அந்த ஷெட்டில் இருந்தாள்.

அன்றைய பதிவேட்டில் காலை வேளைக்கு அவள் பள்ளியில் இருந்தாள்.

கம்பெனிக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பெண் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அதிகாரிகள் வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு, பள்ளியில் இருந்த பிள்ளை எப்படி அங்கே செத்திருக்கும் என்று திரும்பிப் போனார்கள். மருத்துவமனையில் அடையாளம் தெரியாத ஓர் உடல் கிடந்தது. அதைத் தாய் கேட்கிறாள், கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வர நாளாகும் என்று பதில். இதற்கு நடுவில் அந்தப் பெண் எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சையும் கிளப்பிவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே.

"வாயைத் தொறந்துராதக்கா. வேலை போயிரும், படிப்புக்குக் குடுத்ததையும் கேப்பாக. ஜெயில்ல கூடப் போட்டுருவாக. சோதனை முடிவு வரட்டும், உண்மை தானா வெளிய வரும். நீ எதுக்குப் போயி மாட்டுத?" என்றேன்.

மூன்று நாள் அக்கா வாயைத் திறக்கவில்லை. சாப்பிடவும் திறக்கவில்லை. நான்காவது நாள் சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். நான் போய்த் திறந்தேன். மாரீஸ்வரியின் அம்மா நின்றது. ஒரு கையில் கட்டு.

"டீச்சர் இருக்காகளா?"

"இல்லம்மா. ஊருக்குப் போயிருக்காக" என்றேன். அக்கா எனக்குப் பின்னால், எட்டடி தள்ளி, அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. "வந்தா சொல்லுங்க தம்பி. எம்மக செத்துப்போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. வேற எதும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனது.

பெற்ற தாய் தன் மகள் செத்ததற்கு எழுத்து கேட்டு வருவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க வேண்டாம், சாமி!

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "நானும் பொய்க் குறி போட்டேன், நீயும் போட்டுட்ட" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் தனியாகப் போய் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தார். 'அன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. வந்ததாக நான் எழுதியது பொய்.' அந்த இரண்டு வரியும் அவள் வேலைக்குப் போன நாட்களின் பட்டியலும். அன்று மாலையே உடலைத் தாயிடம் கொடுத்தார்கள். அடக்கத்துக்கு அக்கா போனார். நான் போகவில்லை.

அக்காவைப் பணியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. சம்பள உயர்வு நின்றது, பேசி வைத்திருந்த சம்பந்தமும் நின்றது. கடைசியில் மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றி வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். அந்தப் பள்ளியிலும் வேதியியலுக்கு ஆள் இல்லை. அக்காவைக் காப்பாற்றியது யாருடைய இரக்கமும் இல்லை, பற்றாக்குறைதான்.

அதன் பிறகு அக்கா, பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் பதிவேட்டில் பேனாவை வைத்ததில்லை. சீசன் வந்தால் விடியற்காலையில் வேன் நிற்கிற இடத்துக்கே பதிவேட்டோடு போய் நின்றுவிடுவார். "டீச்சரம்மா வந்துட்டாகடா, வண்டியை எடு!" என்று டிரைவர்கள் அலறுவார்கள். எடுத்த வண்டியின் முன்னால் போய் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிள்ளைகளை இறக்கியிருக்கிறார். வாங்காத வசவு இல்லை. அப்படி இறங்கிய பிள்ளைகளில் இரண்டு பேர் அதே உதவித்தொகையில் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் அச்சகத்தில்தான் இருக்கிறேன். தினசரிக் காலண்டர் அடிக்கும்போது வருடந்தோறும் அந்தத் தேதித் தாள் என் கைக்கு வரும். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டு மற்றத் தாள்களைப் போலவேதான் இருக்கும். ஆனாலும் அதைச் சரிபார்க்க நான் வேறு ஆளைத்தான் கூப்பிடுவேன்.

அக்காவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மதுரையில் மருத்துவமனையில் சேர்த்தோம். கடைசி வாரத்தில் நினைவு தடுமாறியது. மதியச் சாப்பாடு முடிந்து வார்டு அமைதியாகிற நேரத்தில், கண்ணை மூடியபடி அந்த முதல் வகுப்பின் பெயர்களைக் கூப்பிடுவார். பதினான்கு பெயரும் வரிசை மாறாமல் வரும். மற்றப் பெயர்களைக் கடகடவென்று கடந்துவிடுவார். "மாரீஸ்வரி" என்றதும் நின்றுவிடும். கண்ணைத் திறந்து கதவைப் பார்ப்பார். மறுபடி கூப்பிடுவார். மறுபடி கதவைப் பார்ப்பார். அடுத்த பெயர் வராது. அந்த அறையில் அக்கா, நான், என் மனைவி என மூன்று பேர்தான் இருந்தோம் என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் நாள், பார்க்கப் பொறுக்காமல், என் மனைவி, "உள்ளேன் அம்மா" என்று குரல் கொடுத்தாள். அவ்வளவுதான், அக்கா படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். "யாருலே அது? யாரு பொய் சொல்றது?" என்று கத்தினார். செவிலியர் ஓடி வந்து பிடிக்க வேண்டியதாயிற்று. என் மனைவி நடைபாதையில் நின்று அழுதாள்.

மூன்றாம் நாளும் அதே பெயரில் நின்றது. என்னைத்தான் பார்த்தார்.

"அவ வரலைக்கா" என்றேன்.

"ம்" என்றார் அக்கா. போர்வை மேல் விரலால் ஏதோ எழுதினார். பிறகு மிச்சப் பெயர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்தார். மறுநாள் அக்கா போய்விட்டார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேன் பிடித்து மதுரையிலிருந்து கொண்டு வந்து சேர்த்த தெருக்காரர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பை எரிய விடாமல் சோறு போட்ட பக்கத்து வீட்டாருக்கும், விடுமுறை போட்டு வந்த ஆசிரியர்களுக்கும், இந்த மலரை அச்சிடத் தாள் கொடுத்த எங்கள் முதலாளிக்கும், இவ்வளவையும் வாசித்துவிட்டு என்னைக் கோபித்துக்கொள்ளப் போகிற சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசியாக ஒருவருக்கு. அக்காவைக் கிடத்தியிருந்த அன்று, வாசலில் நின்று நான்தான் வருகிறவர்களை வணங்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாரீஸ்வரியின் அம்மா வந்தது. அதே படி, அதே கதவு. கையில் தழும்பு. என்னை அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"டீச்சர் எங்க தம்பி?" என்று கேட்டது.

"உள்ளதான் இருக்காக. வாங்கம்மா" என்று வழி விட்டேன்.